மீன்தொட்டி ஏன் சத்தம் போட வேண்டும்?

புனேயில் மீன்தொட்டி விற்கிற எந்தக் கடையிலும் ஏறி, "பம்பைப் போட்டால் ராத்திரியெல்லாம் ஒரே இரைச்சல், என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கோத்ருடாக இருந்தாலும் ஹடப்சராக இருந்தாலும், மராத்தியில் சொன்னாலும் இந்தியில் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "அண்ணா, தண்ணீர் விழுகிற சத்தம் நின்றால் மீன் செத்துவிடும்." தென்னிந்திய முகத்தைக் கண்டால் இந்த ஊரில் எல்லோருமே அண்ணாதான். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், நம்பித்தான் சொல்கிறார்கள். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். வாங்குகிறவர்களும் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய், நடுக்கூடத்தில் இரைகிற தொட்டியைப் பெருமையோடு சகித்துக்கொள்கிறார்கள். தூக்கம் கெட்டால் தொட்டியைப் பால்கனிக்குத் தள்ளுகிறார்கள். அதுவும் முடியாவிட்டால் மீனை யாருக்காவது கொடுத்துவிட்டு, காலித் தொட்டியைக் கட்டில் அடியில் போட்டுவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. தொட்டியிலிருந்து வரும் சத்தம் மீனுடைய மூச்சுக்கான அடையாளமே இல்லை. தண்ணீர் போகிற பாதையில் காற்று இடம் தெரியாமல் சிக்கித் தவிக்கிற சத்தம் அது. நீர்மட்டம் எங்கோ தப்பாக நிற்கிறது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. மட்டத்தைச் சரிசெய்தால் சத்தம் நிற்கும், மீன் சாகாது. அதோடு, சத்தம் போடாத மட்டம்தான் பெரும்பாலும் உங்கள் வீட்டுத் தரையை நனைக்காத மட்டமும்.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். தண்ணீர் தண்ணீரில் விழுவதால் மட்டும் பெரிய ஓசை பிறப்பதில்லை. விழும் நீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. அந்தக் காற்று குமிழியாக மாறி அதிர்கிறது, நாம் கேட்பது அந்த அதிர்வைத்தான். இதில் நம்மவர் ஒருவரும் கை வைத்திருக்கிறார். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்தாண்டு முன்பே, 1920ல், கல்கத்தாவில் சி.வி. ராமன் ஆசுதோஷ் டேயோடு சேர்ந்து, நீர் தெறிக்கும் ஓசையைப் பற்றி ஒரு சிறு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 1933ல் மின்னார்ட் என்ற அறிஞர் குமிழியின் அளவுக்கும் அதன் சுருதிக்கும் உள்ள கணக்கைக் கொடுத்தார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி வினாடிக்கு ஏறத்தாழ 3,300 தடவை அதிரும். மூன்று மில்லிமீட்டர் என்றால் 1,100 தடவை. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 வரையான அதிர்வுகளை. தொட்டியின் பொடிக்குமிழிகள் அந்த வட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 2018ல் கேம்பிரிட்ஜ் பொறியாளர்கள் சொட்டுகிற குழாயை அதிவேகக் கேமராவில் படமெடுத்து, 'டொக்' என்ற ஓசைக்கும் நீருக்கடியில் அகப்பட்ட ஒரு சின்னக் குமிழிதான் காரணம் என்று காட்டினார்கள். வாளியில் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டால் அந்த ஓசை அடங்கிவிடும் என்றும் சொன்னார்கள். மீன்தொட்டியில் அதைச் செய்துவிடாதீர்கள், சோப்பு மீனின் செவுளைக் கெடுக்கும்.

அப்படியானால் குமிழி என்றால் காற்றுதானே, காற்று என்றால் பிராணவாயுதானே என்று கேட்பார்கள். கடைக்காரரின் வாதத்துக்கு உயிர் கொடுப்பது இந்தக் கேள்விதான். விழும் நீர் கொஞ்சம் பிராணவாயுவைக் கரைக்கத்தான் செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீரில் எவ்வளவு கரையலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பைத் தீர்மானிப்பவை வெப்பமும் காற்றழுத்தமும். கடல்மட்டத்தில் 28 டிகிரி நீரில் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் வரை கரையும். புனே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதே சூட்டில் இங்கே 7.3தான். சென்னையில் 31 டிகிரியில் நிற்கிற தொட்டிக்கும் கிட்டத்தட்ட இதே அளவு. நயாகராவையே கொண்டுவந்து கூடத்தில் கொட்டினாலும் இந்த வரம்புக்கு மேல் பிராணவாயு கரைந்து நிற்காது. அந்த வரம்பை எட்டுவதற்கு இரைச்சல் தேவையுமில்லை. வாயுப் பரிமாற்றம் நடப்பது நீரின் மேற்பரப்பில். அங்கே எண்ணெய்ப் படலம் படியாமல், அடிநீர் மேலேயும் மேல்நீர் கீழேயும் சுற்றிக்கொண்டிருந்தால் போதும். பம்பின் வாயைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பிவிட்டால் பரப்பு மெல்ல நெளியும், ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காது. ஓவர்ஃப்ளோ வைத்த தொட்டியில் மேற்பரப்பு நீர்தான் முதலில் வழிந்து வெளியேறுகிறது, படலமும் அதோடு போய்விடுகிறது. மீனுக்குக் கிடைக்கிற உண்மையான நன்மை இந்த வழிதல். வழிந்தபின் குழாய்க்குள் நடக்கிற கூச்சலால் மீனுக்கு ஆவது ஒன்றுமில்லை. செடித்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இரைச்சல் நேரடி நஷ்டம். காசு கொடுத்து சிலிண்டர் வைத்து ஏற்றிய கரியமிலவாயுவை அது அடித்து வெளியேற்றிவிடுகிறது.

நம் வீடுகளில் பெரும்பாலானவை இரண்டடித் தொட்டிகள். மேலே ஒரு டாப் ஃபில்டரோ, பின்பக்கம் மாட்டிய ஃபில்டரோ இருக்கும். இவற்றின் சத்தத்துக்கு மருந்து ஒரு ஜக் தண்ணீர். ஃபில்டரின் வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தால் அருவி, வாய் மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அமைதி. புனேயின் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் மதியக் காற்று எலும்பு வறளும் அளவுக்கு உலர்ந்துபோகும். மின்விசிறியும் ஓடினால் தொட்டியின் மட்டம் நாள்தோறும் கண்ணுக்குத் தெரிய இறங்கும். கோடை வந்தால் ஃபில்டர் பழசாகிச் சத்தம் போடுகிறது என்று புதியது வாங்குகிறவர்கள், ஆவியாகிப் போன தண்ணீரை ஊற்றாமல் விட்டவர்கள். ஊற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை முறித்து வைத்திருக்க வேண்டும். டாங்கர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டும்தான். கண்ணாடியில் வட்டமிடுகிற வெள்ளைப் படிவு அதன் கணக்கைக் காட்டிவிடும்.

கீழே சம்ப் என்ற இன்னொரு தொட்டி வைத்த பெரிய தொட்டிகளில்தான் விஷயம் கனமாகிறது. கடைக்காரரின் பிடிவாதமும் இங்கேதான் கனக்கிறது: "சம்ப் என்றால் சத்தம் இருக்கும், வேறு வழியில்லை." வழி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, தொட்டியின் ஓவர்ஃப்ளோவை ஏரியின் கலிங்காகப் பார்க்க வேண்டும். தொட்டியின் மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு நிற்கிறது. அதன் விளிம்புக்கு மேல் ஏறிய நீர் தடுப்புக்குப் பின்னாலுள்ள பெட்டிக்குள் வழிகிறது, பெட்டியிலிருந்து குழாய் வழியாகக் கீழே சம்புக்கு இறங்குகிறது, பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. விளிம்புக்கு மேல் நீர் எவ்வளவு தடிமனாக ஓடும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். அமெரிக்காவில் லோவெல் நகரத்துக் கால்வாய்களில் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அளந்து கொடுத்த சூத்திரம் இன்றும் அணைக்கட்டுகளில் புழங்குகிறது, வீட்டுத் தொட்டிக்கும் அது பொருந்தும். 30 சென்டிமீட்டர் நீள விளிம்பின்மேல் மணிக்கு 2,000 லிட்டர் வழிந்தால் நீர்ப்படலம் ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். மீன் உள்ளே விழாமலிருக்கச் சீப்புப் பல் வைத்து விளிம்பின் பாதியை அடைத்துவிட்டால் அதுவே 1.6 சென்டிமீட்டராகும். அதனால் தொட்டியின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது நீங்கள் ஊற்றும் தண்ணீர் அல்ல. விளிம்பின் உயரமும் பம்பின் வேகமும்தான். மட்டம் ஏறவில்லையே என்று மேலே குடம் குடமாக ஊற்றுகிறவர்கள் சம்பைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டிக்குள் நீர் எவ்வளவு ஆழத்தில் போய் விழுகிறது என்பது அடுத்த கேள்வி. விளிம்பிலிருந்து பெட்டியின் நீர்மட்டம் ஒரு அடி கீழே இருந்தால் அங்கே ஒரு குட்டி அருவி உண்டாகிவிடும். உள்ளே நிற்கும் குழாயை உயர்த்தி, அந்த வீழ்ச்சியை மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் அருவி அடங்கி வழுக்கலாகிவிடும். குழாய் ஒரு துண்டு பிவிசிதான். அதை நீட்டுவதற்கு ஒரு கப்ளிங்கும் ஒரு சாண் குழாயும் போதும். எனக்குத் தெரிந்த வீடுகளில் பாதிச் சத்தம் இந்த ஒரு வேலையிலேயே போயிருக்கிறது.

மீதிச் சத்தம் குழாய்க்குள் இருக்கிறது. வாய் திறந்த குழாயில் நீர் சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும், நடுவே காற்றுத் தூண் ஒன்று நிற்கும். நீர் கொஞ்சம் அதிகமானால் காற்றின் வழி அடைபடும். குழாய் முழுக்க நீர் நிறைந்து சைஃபன் பிடித்துக்கொள்ளும். சைஃபன் பிடித்த குழாய் பம்ப் ஏற்றுவதைவிட வேகமாக இறக்கும், அதனால் பெட்டியின் மட்டம் சரசரவென்று தாழும். தாழ்ந்ததும் குழாய் காற்றை 'குர்ர்ர்' என்று உறிஞ்சும், சைஃபன் அறும், மட்டம் மறுபடி ஏறும். கோத்ருடில் நண்பர் ஒருவர் வீட்டு நான்கடித் தொட்டியில் இதை நெடுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டிக்குள் கண்ணாடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஈரப்பட்டை. நீர் அதன் மேல் நுனிக்கு ஏறும், ஒரு கணம் நிற்கும், பிறகு சரிந்து கீழ் நுனியைத் தொடும்போது அந்த உறுமல். பக்கத்து அறையில் அவருடைய அம்மா படுத்திருந்தார். குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் நீர் வெளியேறவும் காற்று உள்ளேறவும் ஒரே வாயில் மல்லுக்கட்டுமே, அதேதான் இதுவும். குடம் காலியானதும் ஓய்ந்துவிடும், தொட்டி ஓய்வதில்லை.

இதற்கு நேர்மையான வழிகள் இரண்டு. காற்றுக்கென்று தனி வழி விடலாம், அல்லது காற்றே நுழையாதபடி குழாயை நீரால் நிரப்பலாம். இரண்டையும் செய்யாமல் விட்டால் சத்தம் வரும். இந்த ஊருக்கு இது புதுப்பாடமும் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், நானாசாகேப் பேஷ்வா காலத்தில், காத்ரஜ் ஏரியிலிருந்து ஷனிவார்வாடா வரை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டருக்கு நிலத்தடியில் கட்டுக்கால்வாய் போட்டு நகரத்தின் ஹௌது என்ற பொதுத்தொட்டிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பாதையில் அங்கங்கே 'உச்ச்வாஸ்' என்ற கற்தூண்களை எழுப்பி, உள்ளே அகப்படுகிற காற்று வெளியேற வழி வைத்தார்கள். பேட்டைகளின் சந்துகளில் அவற்றில் சில இன்னும் நிற்கின்றன. மறுவழிக்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. மைசூர் பொறியாளர் கணேஷ் ஐயர், செங்குத்துக் குழாயின் தலையில் புனல் வைத்து, அதன்மேல் குவிமாடம் கவிழ்த்து, புனலின் விளிம்பில் சுருள் தகடுகள் பொருத்தினார். வழியும் நீர் சுழன்று இறங்கும்போது குவிமாடத்துக் காற்றை வாரிக்கொண்டு போய்விடும். குழாய் நிறையும், சைஃபன் தானே பிடிக்கும், மட்டம் தாழ்ந்ததும் தானே விட்டுவிடும். கதவும் ஆளும் வேண்டாத இந்த அமைப்பை ஷராவதி ஆற்றின் ஹிரேபாஸ்கர அணையில் வைத்தார்கள். லிங்கனமக்கி நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போன அந்த அணை, கடுங்கோடையில் நீர் வற்றும்போது புனல்களோடு வெளியே தெரியும். 1916ல் தொடங்கி, நீரோட்டத்தை மாதிரி வைத்து ஆராய்ந்துவரும் மத்திய ஆய்வு நிலையம் புனேயை ஒட்டிய கடக்வாஸ்லாவில் இருக்கிறது. இத்தனையும் சுற்றி நிற்கும் ஊரில், "குழாய் என்றால் சத்தம் போடும்" என்ற சமாதானத்தை ஏன் ஏற்க வேண்டும்?

வீட்டுத் தொட்டியில் முதல் வழிக்கு டர்சோ குழாய் என்று பெயர். நிற்கும் குழாயின் தலையில் ஒரு டீ, பக்கவாட்டில் கீழ்நோக்கித் திரும்பிய எல்போ, உச்சியில் மூடி, மூடியில் சின்னத் துளை. நீர் எல்போ வழியாகப் பரப்புக்கு அடியிலிருந்து நுழைகிறது, காற்று துளை வழியாகத் தனியே போய்வருகிறது. துளை சிறுத்தால் சைஃபன் பிடித்து உறுமும், பெருத்தால் சளசளக்கும். துளையில் ஏர் ட்யூபைச் செருகி, அதன் நுனியில் காற்றுக் குழாய்க்கான குட்டி வால்வைப் பொருத்திவிட்டால், பெட்டியின் மட்டம் அசையாமல் நிற்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கலாம். ஒரே துளையிட்ட தொட்டிக்கு இதுதான் கதி, பெரும்பாலும் இது போதும்.

இரண்டாவது வழிக்கு இரண்டு குழாய்கள் வேண்டும். ஹெர்பி முறை என்பார்கள். முதல் குழாயின் வாய் நீருக்குள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும், கீழே சம்புக்கு மேல் ஒரு கேட் வால்வ். இரண்டாவது குழாய் உயரமாக, சும்மா நிற்கும். வால்வை மூடிக்கொண்டே வந்தால் பெட்டியின் மட்டம் ஏறும், திறந்தால் இறங்கும். முதல் குழாயின் வாய் எப்போதும் மூழ்கி, இரண்டாவதின் வாயை நீர் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு திருகு திருகிவிட்டுச் சில நிமிடம் பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் மட்டம் ஊசலாடும். பால் வால்வ் இதற்கு உதவாது. கால்வட்டத்தில் முழுக்கத் திறந்து மூடுகிற அதில் நூலிழை மாற்றம் செய்ய முடியாது. கேட் வால்வில் பல சுற்றுகள் இருப்பதால் மட்டத்தை மயிரிழையாக நகர்த்தலாம். சம்பில் குழாயின் அடிநுனி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் மூழ்க வேண்டும். ஆழமாக மூழ்கினால், பம்ப் கிளம்பும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற முடியாமல் திணறும், சைஃபன் பிடிக்காது. கோத்ருட் நண்பரின் தொட்டியில் இரண்டாவது துளை ஏற்கெனவே இருந்தது. கடை அதில் பம்பின் ஏற்றுக்குழாயைச் செருகியிருந்தது. அதைத் தொட்டியின் மேல்விளிம்பு வழியாகத் திருப்பிவிட்டு இந்த முறைக்கு மாற்றினோம். பம்ப் ஓடுகிறதா என்று கண்ணாடியில் கை வைத்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு அமைதியானது. மீன்கள் பிழைத்துத்தான் இருக்கின்றன.

மூன்று குழாய் வைப்பதற்கு பீன் அனிமல் முறை என்று பெயர். ஒன்று முழு சைஃபன், ஒன்று கொஞ்சமாக ஒழுகுவது, ஒன்று ஆபத்துக்கு. ஒழுகும் குழாயின் ஏர் ட்யூபை, அதன் நுனி ஆபத்துக் குழாயின் வாய்க்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி வளைத்துவிடுகிறார்கள். முதல் குழாய் அடைத்து மட்டம் ஏறினால் நீர் அந்த நுனியை மூடும், இரண்டாவது குழாயும் தானாக சைஃபனாகிவிடும். கணேஷ் ஐயர் பார்த்திருந்தால் ரசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சைஃபன் முறைக்கு எதிராக நியாயமான ஒரு ஆட்சேபம் உண்டு. பாதி மூடிய வால்வில் ஒரு நத்தையோ இலையோ போய்ச் சிக்கினால் என்ன ஆகும்? சிக்கும். அதனால்தான் இரண்டாவது குழாய். அது இல்லாமல் ஒற்றைக் குழாயில் வால்வ் வைத்து மூடுவது வீட்டுக்குள் வெள்ளத்தை அழைப்பது. ஆனால் இரைச்சலே இயற்கை என்று வாதிடுகிற அதே கடைகள், வாடிக்கையாளர் விடாமல் நச்சரித்தால் கொடுக்கிற வைத்தியம் எது தெரியுமா? குழாயின் வாயில் ஸ்பாஞ்சைத் திணிப்பது. ஸ்பாஞ்சு முதல் வாரம் சத்தத்தை அடக்கும். பிறகு அழுக்கு சேர்ந்து இறுகும், மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஒருநாள் வெளியூர் போயிருக்கும்போது விளிம்பைத் தாண்டும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்து, சொசைட்டி கூட்டத்தில் தலைகுனிந்து நிற்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நோயை விட்டுவிட்டு அலறலை மட்டும் அமுக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் இவர்கள் சொல்லித் தருவதில்லை. 120 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமும் உள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் என்பது 5.4 லிட்டர். பம்ப் நின்றதும் விளிம்புக்கு மேலிருக்கும் நீர் கீழே வந்துவிடும். அதோடு முடியாது. பம்பின் குழாய் வாய் நீர்மட்டத்துக்கு நான்கு சென்டிமீட்டர் கீழே இருந்தால், அதுவும் எதிர்ப்பக்கமாக சைஃபன் பிடித்து, வாய் வெளியே தெரியும்வரை உறிஞ்சும். ஆக மொத்தம் 21 லிட்டருக்கு மேல், தண்ணீர் கேன் ஒன்றுக்கும் கூடுதலாக, சம்புக்கு வந்து சேரும். சம்பில் அதற்கு இடம் இல்லையென்றால் தரைதான். குழாய் வாயைப் பரப்புக்கு அருகே வைத்தால் இந்த அளவு பெருமளவு குறையும். புனேயில் பராமரிப்புக்கான மின்தடையும் தண்ணீர் நிறுத்தமும் பெரும்பாலும் வியாழக்கிழமை வருவதால், எல்லோரும் வேலைக்குப் போன வீட்டில் இந்தச் சோதனை தானாக நடக்கும். ஒருமுறை நீங்களே பம்பை நிறுத்தி, எல்லா நீரும் இறங்கியபின் சம்பு எதுவரை நிரம்புகிறது என்று பார்த்து, பம்ப் ஓடும்போது நிற்க வேண்டிய மட்டத்துக்குக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் வெள்ளம் வரும். மிகவும் கீழே விட்டால் பம்ப் காற்றை உறிஞ்சி அலறும், தொட்டியெங்கும் பொடிக்குமிழி பறக்கும்.

இனி, "அந்தச் சத்தம் மனசுக்கு இதம்" என்ற வாதம். ஓடையின் ஓசை இதமானதுதான், அதை விரும்புகிறவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. ஆனால் விரும்பி வைப்பது வேறு, பழுதுக்கு விருப்பம் என்று பெயர் வைப்பது வேறு. சீரான சலசலப்புக்குக் காது பழகிவிடும், விட்டுவிட்டு வருகிற உறுமலுக்குப் பழகாது. படுக்கையறையில் இரவுச் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்கின்றன. தெருவுக்கே இப்படி வரம்பு வைத்திருக்கும்போது தலைமாட்டில் உறுமுகிற தொட்டியை இதம் என்று சொல்ல முடியாது. இதம் தேடுகிற நாமாவது பக்கத்து அறைக்கு எழுந்து போகலாம், மீனால் முடியாது.

மீனுக்குக் காது கேட்காது என்று எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். தங்கமீன், கெண்டை, கெளுத்தி, டெட்ரா எல்லாம் கூர்மையாகக் கேட்கிற இனங்கள். அவற்றின் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் இடையே சிற்றெலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. 1820ல் வெபர் என்ற ஜெர்மானியர் விவரித்த உறுப்பு அது. 2004ல் அமெரிக்காவில் தங்கமீன்களைப் பலத்த இரைச்சலில் விட்டுச் சோதித்தபோது, பத்து நிமிடத்திலேயே கேட்கும் திறன் குறைந்தது, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசோலும் சிறிது நேரம் ஏறியது. அந்தச் சோதனையின் ஒலி உங்கள் வீட்டு ஓவர்ஃப்ளோவைவிடப் பெரியது, அதை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனாலும் "சத்தம் மீனுக்கு நல்லது" என்று சொல்ல எந்தச் சான்றும் என் கண்ணில் படவில்லை. கேட்கிற உயிர் ஒன்றை நான்கு கண்ணாடிச் சுவருக்குள் அடைத்திருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

வாஸ்துவுக்காகத் தொட்டி வைக்கிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. வீட்டில் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்பது. சைஃபன் குழாயிலும் நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இன்னும் நிறைவாக ஓடுகிறது.

கடைசியாகச் செலவு. இரண்டாவது துளை, அதில் குழாயைப் பொருத்த ஒரு பல்க்ஹெட், கொஞ்சம் பைப், ஒரு கேட் வால்வ். தொட்டி, ஸ்டாண்டு, விளக்கு எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் சின்னத் தொகை. ஆனால் இதைத் தொட்டி செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். கண்ணாடியைப் பதப்படுத்திவிட்டால் பிறகு துளையிட முடியாது, நொறுங்கிவிடும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே துளைகள் எத்தனை, எங்கே, விளிம்பு எவ்வளவு நீளம், பம்ப் மணிக்கு எவ்வளவு ஏற்றும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தொட்டி தயாரானதும் கடையிலேயே தண்ணீர் நிரப்பி ஓடவிடச் சொல்லுங்கள். பிறகு பம்பை நிறுத்தச் சொல்லி, சம்பு நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். மறுபடி போடச் சொல்லி, சைஃபன் தானாகப் பிடிக்கிறதா, பெட்டியின் மட்டம் ஊசலாடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஆபத்துக் குழாய் தனியாகவே முழு நீரையும் இறக்குகிறதா என்று, முதல் குழாயின் வாயைக் கையால் பொத்திப் பாருங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்கிற கடையில் பணம் கட்டாதீர்கள்.